லிண்டா பார்த்த கரண்ட் கம்பெனி

பாம்பன் தெற்குவாடியில் சகாயத்தின் மகள் லிண்டா என்றால், பேசுவதற்கு முன்னால் உதட்டை ஒரு பக்கமாகச் சுழிக்கிறவள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுழிப்பு அம்மா வழியில் வந்தது. அவள் அம்மா சந்தனம் கருவாட்டு வியாபாரி. வெளியூரிலிருந்து வரும் மொத்த வியாபாரி ஒரு கை நெத்திலியை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளிப்பதற்குள், அவனைப் பார்த்து இவள் முகத்தைச் சுளித்துவிடுவாள். பேரம் பாதி அங்கேயே முடிந்துபோகும். மகள் அதே உதட்டை வைத்துக்கொண்டு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனாள்.

எலக்ட்ரிக்கல் எடுக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, புயலடித்துக் கரண்ட் போய் ஊரே இருட்டில் கிடந்த நாட்களில், ஒரு லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி எதையோ முறுக்கிவிட்டு இறங்கினார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது. மற்றப் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கத்தின. இவள் அந்த ஆள் என்ன செய்தார் என்று கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலேஜில் போய்ச் சேர்ந்தால் அதைச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தாள். காலேஜில் புத்தகத்தில் இருந்ததைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். பலகையில் இருந்ததைப் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் இப்படிக் கைமாறியதில் யார் கையிலும் எதுவும் ஒட்டவில்லை.

மூன்றாம் வருடம் முடிந்ததும் இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வராதே என்று சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் மதுரையில் ஏதோ ஒரு மாடியறையில் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்கள். லிண்டாவுக்கு நிஜமாகவே ஒரு கம்பெனி கிடைத்தது. நீலக்கதிர் எனர்ஜி. உச்சிப்புளிக்குத் தெற்கே, பனங்காடாகக் கிடந்த நிலத்தை வளைத்து, கண்ணுக்கெட்டிய மட்டும் சோலார் தகடுகளைப் பரப்பி வைத்திருந்த கம்பெனி. அந்தத் தகட்டில் விழுகிற வெயில் எப்படிக் கம்பியில் ஏறி வெளியே வருகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில், முதல் நாள் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

போனதும் வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். வெள்ளை என்றால் ஆபீசர் ஜாதி. ஷூவும் கொடுத்தார்கள். பெண்பிள்ளை காலுக்கு ஷூ வாங்கி வைக்கும் வழக்கம் அங்கே இல்லாததால், முன்பக்கம் துணியை அடைத்துக்கொண்டு வாத்து மாதிரி நடக்க வேண்டியிருந்தது. பிறகு ஏசி அறையில் உட்காரவைத்துப் பாதுகாப்புப் படம் ஒன்று போட்டார்கள். படம் இந்தியில் இருந்தது. தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது இந்தி தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு அந்த அறையில் அப்படி யாரும் இல்லை.

பிளான்ட் மேனேஜர் அருள்முருகன் திருச்சிக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. இங்கே நாம் பார்ப்பது வேலை இல்லை, பூமியைக் காப்பாற்றும் சேவை என்று அரை மணி நேரம் பேசினார். பூமி, பூமி என்று அத்தனை தடவை சொன்ன மனிதர் காரிலிருந்து இறங்கி ஏசி அறைக்குப் போகும் சிமெண்டுப் பாதையை விட்டுத் தரையில் கால் வைத்து லிண்டா பார்த்ததே இல்லை. மணல் ஷூவுக்குள் போய்விடுமாம்.

அவளோடு வந்த இன்னொரு இன்டர்ன் கீழக்கரைப் பையன் ஷாகிர். முதல் நாள் மத்தியானமே அவன் ஒரு மூலை நாற்காலியைக் கண்டுபிடித்து, ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தான். தான் சான்றிதழுக்கு வந்தவன் என்று ஒளிக்காமல் சொன்னான். நீ எதுக்கு வந்தே என்று அவளைக் கேட்டான். வேலை கத்துக்க என்று அவள் சொன்னதும், பாவம் என்கிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடி ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டான். அந்தக் கம்பெனியில் அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள் அவன்தான்.

தகடுகளிலிருந்து வரும் கரண்ட் எல்லாம் போய்ச் சேரும் இன்வெர்ட்டர் அறை ஒன்று பிளான்ட்டின் நடுவில் இருந்தது. மஞ்சள் கதவு, பெரிய பூட்டு, மண்டையோட்டுப் படம். உள்ளே வண்டுக் கூட்டம் இரைகிற மாதிரி ஓயாத சத்தம். வெயிலில் வந்த கரண்ட் வீட்டுக்கு ஏற்ற கரண்டாக மாறுவது அந்தக் கதவுக்குப் பின்னால்தான். லிண்டா அதைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டாள். அனுமதி வேண்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அருள்முருகன். அடுத்த வாரமும் அதையே சொன்னார். கன்ட்ரோல் ரூம் என்று ஒன்று இருந்தது. இரண்டு பேர் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் எண்கள் பச்சையாக ஓடும். சிவப்பானால் குருகிராமில் இருக்கும் கண்காணிப்பு ஆபீசுக்குப் போன் போட வேண்டும். ஏன் சிவப்பாகிறது என்று இவள் கேட்டதற்கு, மேலே இருந்து சொல்வார்கள் என்றான் ஒருவன். மேலே என்று அவன் கை காட்டிய இடத்தில் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் செய்த இன்ஜினியரிங் வேலை என்னவென்றால், பிபிடி போட்டாள், அதாவது கூட்டத்தில் திரையில் ஓட்டிக் காட்டும் பவர்பாயின்ட். மேனேஜர் தலைமையகத்துக்குக் காட்டும் பிபிடி, தலைமையகம் முதலீட்டுக்காரர்களுக்குக் காட்டும் பிபிடி, போன மாதத்துப் பிபிடியில் மாதத்தின் பெயரை மட்டும் மாற்றிய பிபிடி. யாருக்காவது பிறந்தநாள் வந்தால் உச்சிப்புளி பேக்கரியில் கேக் சொல்லி, அதில் பெயரைச் சரியாக எழுதினார்களா என்று பார்த்தாள். பெரியவர்கள் வந்தால் குடை பிடித்தாள். குடை பிடிப்பதற்கு ஷாகிரை ஒருநாளும் கூப்பிடவில்லை. பெண் பிடித்தால் போட்டோவில் நன்றாக வரும் என்றார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அது கம்பெனிக்குத் தெரியாது.

சித்திரை பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். சகாயம் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மீன் வரத்து இல்லாவிட்டால் கருவாடும் இல்லை. அதனால் அந்த மாதங்களில் தெற்குவாடிப் பெண்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள். அந்த வருடம் சந்தனமும் நாலைந்து பெண்களும் நீலக்கதிரில் தகடு துடைக்கப் போனார்கள். கடற்காற்றில் வரும் உப்பு தகட்டின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டால் கரண்ட் குறையும். நீளக் கம்பில் கட்டிய துடைப்பானால் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். லாரியில் வருகிற நல்ல தண்ணீர். நம்ம ஊரில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், இங்கே கண்ணாடி தினமும் குளிக்கிறது என்பாள் சந்தனம். மகளுக்கு அங்கே இடம் கிடைப்பதற்கு முன்பிருந்தே அவள் அங்கே கூலியாள். முகத்தைச் சுற்றித் துண்டு, மேலே ஆரஞ்சு ஜாக்கெட், முதுகில் ஒரு நம்பர்.

மகள் வெள்ளை ஹெல்மெட்டோடு அங்கேயே வரப்போகிறாள் என்று தெரிந்ததும் சந்தனம் ஒரு சட்டம் போட்டாள். ஒரே பஸ்ஸில் போகலாம், இறங்கியதும் நீ யாரோ நான் யாரோ. காண்ட்ராக்டரின் மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றுதான் காரணம் சொன்னாள். நிஜக் காரணம் வேறு. இன்ஜினியருடைய அம்மா துடைப்பக் கட்டையோடு நிற்கிறாள் என்று யாரும் மகளைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. கூட வந்த பெண்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையே தேவையில்லை. ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு ஒரு பெயர் உண்டா என்று அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. பெயரே கேட்காதவர்கள் உறவா கேட்கப் போகிறார்கள்?

சாயங்காலம் பஸ் பாலத்தில் ஏறி, காற்று ஜன்னல் வழியாக அறைகிறபோது, சந்தனம் துண்டை அவிழ்த்துவிட்டு மகளிடம் கேட்பாள். "இன்னைக்கு என்னடி படிச்சே?"

லிண்டா உதட்டைச் சுழிப்பாள். "கேக் வாங்கினேன்."

"யாருக்கு?"

"ஸ்டோர் கீப்பருக்கு."

"சரி, அதையாவது ஒழுங்கா வாங்கு," என்பாள் சந்தனம்.

ஜூன் மாதத்தில் சுற்றுச்சூழல் தினம் வந்தது. மும்பையில் இருக்கும் தலைமையகத்துக்கு அது தீபாவளி மாதிரி. வருடா வருடம் மரக்கன்று நடுவார்கள்; போன வருடம் நட்டது காய்ந்துபோன அதே குழிகளில் நடுவதால் குழி வெட்டும் வேலை மிச்சம். இந்தத் தடவை மரத்தோடு நிற்காமல் ஒரு படமும் எடுப்பது என்று முடிவானது. 'மண்ணின் மகள்' என்று தலைப்பு. சென்னையிலிருந்து விளம்பரக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதையையும் எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். கடற்கரைக் குடிசையில் இருட்டில் வாழும் ஒரு ஏழை மீனவப் பெண்ணுக்கு, அதே மண்ணில் பிறந்து இன்ஜினியரான ஒரு பெண் சோலார் விளக்கு கொடுக்கிறாள். ஏழைப் பெண்ணின் முகத்தில் ஒளி பரவுகிறது. அவ்வளவுதான். பாம்பனில் குடிசை வீட்டிலும் பிரிட்ஜ் ஓடுகிறது, கரண்ட் போனால் மின்வாரியத்துக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள் என்று லிண்டா சொல்லிப் பார்த்தாள். அது கதைக்கு உதவாது என்றார் டைரக்டர்.

இன்ஜினியராக நடிக்க லிண்டாவைப் பிடித்தார்கள். அங்கே இருந்த ஒரே பெண் வெள்ளை ஹெல்மெட் அவள்தான். கையில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றைக் கொடுத்துத் தகட்டுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். அதில் பேட்டரி இல்லை என்றாள். படத்தில் தெரியாது என்றார்கள். ஏழையாக நடிக்க ஆள் தேடி, தகடு துடைக்கும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, துண்டை அவிழ்க்கச் சொல்லி, டைரக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சந்தனத்தின் முன்னால் நின்றுவிட்டார். வெயிலும் உப்பும் முப்பது வருடமாக வேலை பார்த்த முகம். இதுதான் முகம் என்று தன் ஆட்களிடம் சந்தோஷமாகச் சொன்னார், சந்தையில் நல்ல மாட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

சந்தனம் அன்றைக்குக் கட்டியிருந்த சேலை நன்றாக இருந்தது. அது சரிவராது என்று, கொண்டு வந்திருந்த கிழிந்த சேலை ஒன்றைக் கொடுத்தார்கள். ஏழைகளுக்கான சேலையைச் சென்னையிலேயே வாங்கி, கிழித்து, எடுத்து வந்திருக்கிறார்கள். கன்னத்தில் கொஞ்சம் கரியைப் பூசினார்கள். சோகமாகப் பார்க்கச் சொன்னார்கள். சந்தனத்துக்குக் கோபமாகப் பார்க்க வரும், நக்கலாகப் பார்க்க வரும். சோகமாகப் பார்த்துப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லிச் சமாளித்தார்கள்.

மல்டிமீட்டர் காட்சி முடிந்து அலுவலகத்துக்குப் போயிருந்த லிண்டாவைத் திரும்பக் கூட்டி வந்தார்கள்; அப்போதுதான் அவள் பார்த்தாள், எதிரே கரி பூசிய முகத்தோடு நிற்பது தன் அம்மா என்று. கையில் விளக்கைத் திணித்துவிட்டார்கள். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. ஆரஞ்சு ஜாக்கெட் பெண்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். லிண்டா விளக்கை நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் நின்றாள். சந்தனம் உதடு அசையாமல் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பேசாமக் குடுத்துத் தொலைடி. கால் கடுக்குது."

கொடுத்தாள். வாங்கினாள். வெளிச்சம் போதவில்லை என்றார்கள். விளக்கைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுக்கச் சொன்னார்கள். காற்றில் சேலை பறந்தது என்று மறுபடி. இன்ஜினியர் சிரிக்கவில்லை என்று மறுபடி. மத்தியானம் வரைக்கும் மகள் கொடுப்பதும் அம்மா வாங்குவதும் பிடுங்கி மறுபடி கொடுப்பதுமாக இருந்தது. கடைசியில் டைரக்டர் திருப்தியாகி எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரி வந்து விளக்கைக் கேட்டான். அந்த ஒரு விளக்குதான் கம்பெனியிடம் இருந்தது. மறுநாள் வேறு பிளான்ட்டில் வேறு ஏழைக்குக் கொடுக்க வேண்டும்.

சந்தனம் கொடுக்கவில்லை. அவளுக்கு அந்த விளக்கு வேண்டும் என்பதில்லை. வீட்டில் அதைவிட நல்ல விளக்குகள் இருக்கின்றன. காலையிலிருந்து அவர்கள் பண்ணியதற்கெல்லாம் சேர்த்து ஒரு இடத்தில் நின்று பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. விளக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள். "குடுத்தோம்னு ஊரெல்லாம் காட்டப் போறீங்கள்ல சார்? குடுத்தா குடுத்ததுதானே?"

அருள்முருகன் கூலிப் பெண்களிடம் நேராகப் பேசுவதில்லை, மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அவள் கையை முறுக்காத குறையாக விளக்கைப் பிடுங்கிக்கொண்டான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டான். சந்தனம் மறைவில் போய்த் தன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, கிழிந்த சேலையை அவன் காலடியில் போட்டுவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனாள். லிண்டா வெள்ளை ஹெல்மெட்டோடு அங்கேயே நின்றாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தான் ஏதாவது பேசியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். சந்தனம் அவளை முடிக்கவிடவில்லை. "அந்த டைரக்டர் என்னைய சோகமா நடிக்கச் சொல்லி எவ்வளவு பாடுபட்டான். பேசாம உன்னையப் படம் பிடிச்சிருக்கலாம். வாயில கொழுக்கட்டை வச்சிக்கிட்டு நின்னே பாரு, அதுதான் நடிப்பு," என்றாள். பிறகு சோறு போட்டாள். லிண்டா அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தன்னைப் பற்றி அதுவரை அவள் வைத்திருந்த நினைப்பில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. எல்லோரையும் பார்த்து உதட்டைச் சுழிக்கிறவள்தான். அதைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க வரவில்லை. அருள்முருகன்மேல் இருந்ததைவிட அன்றைக்கு அவளுக்குத் தன்மேல்தான் இளக்காரம்.

படம் கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்தது. வயலின் வாசித்து, மெதுவாக நடக்கவிட்டு, சந்தனத்தின் குனிந்த தலையைக் காட்டி, 'அவள் வாழ்வில் முதல் வெளிச்சம்' என்று எழுத்துப் போட்டிருந்தார்கள். மும்பையில் எல்லோரும் கண் கலங்கியதாகச் செய்தி வந்தது. அருள்முருகனுக்குப் பாராட்டுக் கடிதம். இரண்டு நாள் அவர் சிமெண்டுப் பாதையில் மிதந்து போனார்.

பிறகு அந்தப் படம் பாம்பனுக்கு வந்து சேர்ந்தது. தெற்குவாடிப் பையன் எவனோ முதலில் அதைப் பகிர்ந்தான். இது நம்ம சந்தனக்கா, குடுக்கிறது நம்ம லிண்டா, ஒரே வீட்டுக்குள்ளே விளக்குக் குடுத்து விளையாடுறாங்க என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே தங்கச்சிமடம் சிரித்தது, மண்டபம் சிரித்தது, குவைத்திலிருந்தும் சவூதியிலிருந்தும் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அம்மா வாழ்வில் இத்தனை நாள் வெளிச்சம் இல்லாமல் மகள் எப்படி இன்ஜினியரிங் படித்தாள் என்று ஒருவர் கேட்டார். சந்தனக்காவின் வீட்டு டிவி எவ்வளவு பெரிசு என்று இன்னொருவர் போட்டோவே போட்டார். அந்த விளக்கு இப்போது எங்கே என்று தகடு துடைக்கும் பெண் ஒருத்தியின் மகன் எழுதினான். அதோடு விளக்கைப் பிடுங்கிய கதையும் வேலையைவிட்டு நிறுத்திய கதையும் வெளியே வந்துவிட்டது. உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து 'தாய்க்கே தானம்' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டது. கண் கலங்கிய மும்பைக்காரர்களுக்கு யாரோ அதை மொழிபெயர்த்துக் காட்டினார்கள்.

அருள்முருகன் லிண்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவருக்கு வேர்த்திருந்தது. ஷாகிரும் இருந்தான்; மொபைலில் நன்றாகப் படம் பிடிப்பான் என்று அவனையும் வரச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் உன் அம்மா என்று ஏன் முன்னமே சொல்லவில்லை என்று மேனேஜர் கேட்டார்.

"நீங்க கேக்கலை சார்," என்றாள் லிண்டா.

அவர் குரலைத் தணித்து, மகளிடம் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தார். கம்பெனி பெரியது. அதன் பெயர் அதைவிடப் பெரியது. இதைச் சரிக்கட்ட ஒரு சின்ன வழி இருக்கிறது. லிண்டா கேமரா முன்னால் நின்று, அந்தப் படத்தில் விளக்கு வாங்கிய பெண் தன் அம்மா இல்லை, முகம் ஒரே மாதிரி இருப்பதால் ஊர்க்காரர்கள் தவறாக நினைத்துவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். சான்றிதழில் மிகச் சிறந்த மாணவி என்று போடலாம். படிப்பு முடிந்ததும் டிரெய்னி இன்ஜினியர் வேலை, இங்கேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே. தலைமையகத்தில் பேசிவிட்டார். யோசித்துவிட்டு நாளைக்கு வந்து சொன்னால் போதும்.

ஷாகிர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லிண்டா வெளியே வந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சந்தனம் குதிக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த கருவாட்டில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை நிஜமாகவே கொடுப்பார்களா, எழுத்தில் கொடுப்பார்களா, வாய்ச் சொல்லா என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள். "சொல்லிட்டு வேலையை வாங்குடி. நீ இல்லைன்னு சொன்னா நான் இல்லாமப் போயிருவேனா? அந்தப் பயலுக பொய்தானே கேக்குறானுக. கடையில பொரிகடலை கேட்டாக் குடுக்குற மாதிரிக் குடுத்துட்டு வா."

சகாயம் வலையிலிருந்து தலை நிமிராமல், யோசிச்சுச் செய் ஆத்தா என்று மட்டும் சொன்னார். எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

லிண்டா யோசித்தாள். அம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதை அவளால் மறுக்க முடியவில்லை. ஒரு நிமிடப் பொய். ஊரில் யாரும் நம்பப் போவதில்லை. அம்மாவுக்கே வருத்தமில்லை. அப்படியானால் தடுப்பது எது? அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில், தடுப்பது அம்மா இல்லை என்று தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தால் அதற்குப் பிறகு வருகிற வருடமெல்லாம் அந்த மனிதரைப் பார்த்து அவளால் உதட்டைச் சுழிக்க முடியாது. அவர் இவளைப் பார்த்துச் சுழிப்பார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. இதில் உயர்ந்த கொள்கை ஒன்றும் இல்லை, வெறும் திமிர். ஆனாலும் அவளிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் போனாள். ஷாகிர் மொபைலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். பேச வேண்டியதை ஒரு தாளில் அச்சடித்தே வைத்திருந்தார் அருள்முருகன். லிண்டா தாளை வாங்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்குறேன் சார். நான் இங்கன வந்ததுல இருந்து ஒரு ரூமைத் தொறந்து காட்டுங்கன்னு கேட்டேன். இப்பத் தொறங்க. உள்ள போய் எல்லாத்தையும் பாக்குறேன். பாத்துட்டு வந்து பேசுறதா வேண்டாமான்னு சொல்றேன்," என்றாள்.

அவர் அதைத் தட்டிக் கழிக்கப் பார்த்தார். வேறு எதை வேண்டுமானாலும் கேள் என்றார். இவள் விடவில்லை. கடைசியில் அவர் வாயிலிருந்து விஷயம் வெளியே வந்தது. சாவி அவரிடம் இல்லை. இன்வெர்ட்டர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆட்களிடம் இருக்கிறது. அவர்கள் வந்தால் திறப்பார்கள், போகும்போது பூட்டிக்கொண்டு போவார்கள். திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டியபோது உள்ளே எட்டிப் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு அவரும் உள்ளே போனதில்லை.

லிண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இத்தனை நாள் இந்த மனிதரிடமா வேலை கற்றுக்கொள்ளக் காத்துக் கிடந்தோம் என்று நினைக்க நினைக்கச் சிரித்தாள். ஷாகிர் மொபைலை இறக்கிவிட்டு அவளையே பார்த்தான். அருள்முருகனின் முகம் இறுகியது. சான்றிதழ் கிடைக்காது என்றார்.

"அவங்க என் அம்மாதான் சார். பேரு சந்தனம். இவ்வளவு நாள் வேலை வாங்குனீங்க, பேராவது தெரிஞ்சு வச்சுக்கங்க," என்று சொல்லி, ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். துணியடைத்த ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத் தன் செருப்பில் நடந்து போனாள். சுடுமணலில் அது அந்த ஷூவைவிட நன்றாக இருந்தது.

காலேஜில் பிளேஸ்மென்ட் ஆபீசர் அவளை நிற்கவைத்துத் திட்டினார். இவளால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அந்தக் கம்பெனி கதவை மூடிவிட்டது என்றார். இதுவரை மட்டும் திறந்தா இருந்தது என்று அவள் கேட்டதில் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. வேறு எங்காவது போய் மிச்ச நாளை முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று பெரிய மனது பண்ணினார். ஷாகிர் ஒரு வழி சொன்னான். அவன் மாமா ஒருவர் ராமநாதபுரத்தில் வீட்டு மாடிகளுக்குச் சோலார் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். தூங்குவதற்கு வசதியில்லாத இடம் என்பதால் தான் போகவில்லை, நீ போ என்றான்.

கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு குட்டி யானை வண்டி, இரண்டு எலக்ட்ரீஷியன்கள். முதல் நாளே அவள் கையில் ஸ்பேனரைக் கொடுத்து ஏணியைக் காட்டினார்கள். ஆடி வெயிலில் மொட்டை மாடிகளில் அவள் முகம் அம்மாவின் முகத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை ஒயரை மாற்றிச் செருகி, இன்வெர்ட்டர் பெட்டியிலிருந்து புகை வந்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் அதே பெட்டியைப் பிரித்துப் போட்டு எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று பார்த்தாள். மூன்று வருடக் காலேஜில் அப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை. கடையின் சான்றிதழை நுனி விரலால் பிடித்து வாங்கிய பிளேஸ்மென்ட் ஆபீசர், இதுவும் ஒரு கம்பெனியா என்று கேட்டார். அவளும் அதே உதட்டுச் சுழிப்போடு, ஆமாம் என்றாள்.

நீலக்கதிர் கம்பெனி அந்தப் படத்தை எடுத்துவிட்டது. சந்தனத்தைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு மேஸ்திரி ஆள் அனுப்பினான். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்ட சமயம். நெத்திலி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வந்த ஆளிடம் சந்தனம், கண்ணாடி துடைக்கிறதுக்கு உங்க மேனேஜரை விட்டுப் பாருங்க, சட்டை அழுக்காகாமத் துடைப்பாரு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

லிண்டா படிப்பை முடித்துவிட்டு அந்தச் சின்னக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சந்தனத்துக்கு அதில் பெரிய திருப்தி கிடையாது. டிரெய்னி இன்ஜினியராக உட்கார்ந்திருக்க வேண்டியவள் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்த டிரெய்னி வேலை ஷாகிருக்குப் போயிற்று. மேனேஜர் மாறிவிட்டார்; அவர் குஜராத்தில் வேறு பக்கத்துப் பூமியைக் காப்பாற்றப் போய்விட்டார். ஷாகிருக்கு இப்போது சொந்தமாக நாற்காலி இருக்கிறது, ஆனால் தூங்க நேரமில்லை. பிபிடி அவன்தான் போடுகிறான்.

போன மாதம் அவன் லிண்டாவுக்குப் போன் செய்தான். புதிதாக நாலு இன்டர்ன்கள் வந்திருக்கிறார்கள், அவர்களைத் தன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், காலையிலிருந்து ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், என்ன செய்வது என்று தெரியவில்லை என்றான். குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. லிண்டா அப்போது பரமக்குடியில் ஒரு மூன்றாவது மாடியின் விளிம்பில் உட்கார்ந்து, பல்லில் ஒரு போல்ட்டைக் கடித்துக்கொண்டு, சுவரில் துளை போடத் தயாராக இருந்தாள். பிறகு பேசுகிறேன் என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிரில்லை அழுத்தினாள். அவன் போனை வைக்கவில்லை போலிருக்கிறது. துளை முடிந்து அவள் டிரில்லை எடுத்தபோது, பைக்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.